படித்துப் பார்த்தவர் யார்? – இணையத்தள அணுகுதன்மைச் சோதனையின் வரலாறு



ஒரு பாடநூல் அச்சேறுமுன் மெய்ப்புப் பார்க்கப்படுகிறது. ஒரு பாலம் திறக்கப்படுமுன் அதன்மீது சுமையேற்றிச் சோதிக்கிறார்கள். ஆனால், இணையத்தளம் ஒன்று உருவானால், கண்ணுள்ள ஒருவர் திரையைப் பார்த்து “அழகாக இருக்கிறது” என்று சொன்னதும் அது உலகுக்குத் திறந்துவிடப்படுகிறது. பார்வையற்ற ஒருவர் அதனைப் படிக்க இயலுமா? கைநடுக்கம் உள்ளவர் அதனை இயக்க இயலுமா? செவித்திறன் குன்றியவர்க்கு அதிலுள்ள காணொளி பொருள் தருமா? இவ்வினாக்கள் பெரும்பாலும் எழுவதே இல்லை.

இவ்வினாக்களை எழுப்பி, முறைப்படி ஆராய்ந்து விடை காணும் பணிக்கு ‘அணுகுதன்மைச் சோதனை’ என்று பெயர். இதனைக் கணினி வல்லுநர்களின் தனித்துறை என்று எண்ணி ஆசிரியர்களாகிய நாம் ஒதுங்கி நிற்கிறோம். உண்மையில் இது எழுத்தைப் பற்றிய செய்தி. எனவே, நம்முடைய செய்தி. அதன் வரலாறு பாரிசில் தொடங்கி, அமெரிக்கா, சிட்னி, இலண்டன் எனப் பல இடங்களில் வளர்ந்து, நம் ஜொகூர் மண்ணையும் தமிழ் எழுத்துருக்களையும் தொடுகின்றது. அவ்வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம். வழியெங்கும் ஒரே ஒரு வினாவை மட்டும் கையில் வைத்துக்கொள்வோம்: படித்துப் பார்த்தவர் யார்?

விரல்கள் அளித்த தீர்ப்பு

பார்வையற்ற குழந்தைகளுக்கென உலகின் முதற்பள்ளியைப் பாரிசில் 1785ஆம் ஆண்டில் நிறுவியவர் வாலந்தைன் ஆவி. தாளில் உரோமன் எழுத்துகளை மேடாகப் புடைக்கச் செய்து, அவற்றை விரலால் தடவிப் படிக்கும் முறையை அவர் வகுத்தார். கண்ணுள்ள ஆசிரியர்க்கு அம்முறை மிக ஏற்றதாய் இருந்தது. பார்த்த உடனே அவரால் படிக்க முடிந்தது. ஆனால், அந்த வளைவுகளையும் கோடுகளையும் விரல் எளிதில் பிரித்தறியவில்லை. படிப்பது மெதுவாயிற்று, அம்முறையில் மாணவர் தாமே எழுதவும் இயலவில்லை.

அப்பள்ளியில் பயின்ற மாணவர்களுள் ஒருவர் லூயி பிரெயில் (1809–1852). தம் பதினைந்தாம் அகவையில், 1824ஆம் ஆண்டளவில், அவர் ஆறு புள்ளிகளைக் கொண்ட எழுத்துமுறையை உருவாக்கினார். 1829இல் அது நூலாக வெளிவந்தது. கண்ணுக்கு அப்புள்ளிகள் எழுத்தாகவே தோன்றமாட்டா. விரலுக்கோ அவை தெளிவான எழுத்துகள். எனினும், அவர் பயின்ற பள்ளியே அம்முறையை முறைப்படி ஏற்றுக்கொண்டது 1854ஆம் ஆண்டில்தான்; அவர் மறைந்து ஈராண்டுகள் கடந்த பின்னர்.

மேட்டெழுத்தைச் சோதித்தவை கண்கள். புள்ளியெழுத்தைச் சோதித்தவை விரல்கள். யாருக்காக ஒன்று செய்யப்படுகிறதோ அவர்தாம் அதனைச் சோதிக்கவேண்டும் என்னும் பாடம் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்டுவிட்டது.

தமிழ்ப் பிரெயிலும் அவ்வாறு உருவானதே. இந்திய மொழிகளுக்கெனத் தனித்தனியே வழங்கிவந்த புள்ளி முறைகளை ஒருங்கிணைத்து, 1951ஆம் ஆண்டில் ‘பாரதி பிரெயில்’ என்னும் பொதுமுறை ஏற்கப்பட்டது. தமிழும் அதனுள் அடங்கும். உலகப் பிரெயில் முறைகளை இசைவாக்கும் பணியில் யுனெசுகோவின் அறிவுரைஞராய் இருந்தவர் நியூசிலாந்தைச் சேர்ந்த கிளூத்தா மெக்கென்சி. அவர் 1915இல் கல்லிப்போலிப் போரில் தம் பார்வையை இழந்தவர். இங்கும் விரலால் படிப்பவரே எழுத்தை முடிவு செய்தார்.

நம் மாநிலத்திற்கும் இவ்வரலாற்றில் இடமுண்டு. பார்வையற்ற குழந்தைகளுக்கான பிரின்சஸ் எலிசபெத் பள்ளி ஜொகூர் பாருவில் 1948ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. தெப்ராவிலிருந்து அது தொலைவில் இல்லை. நம் வட்டாரத்தில் எழுத்தை விரலால் படிக்கும் குழந்தைகள் முக்கால் நூற்றாண்டுக்கு மேலாக இருந்து வருகின்றனர் என்பதற்கு அப்பள்ளியே சான்று. “நம் பக்கத்தைப் படிக்க அப்படி யார் வரப்போகிறார்கள்?” என்று கேட்போர் இதனை எண்ணிப் பார்த்தல் நன்று.

இணையத்திற்கு வந்த காவலர்

இனி, தாளிலிருந்து திரைக்கு வருவோம். உலகளாவிய வலையை வடிவமைத்த திம் பெர்னர்சு-லீ, அதன் நெறிமுறைகளைப் பேணுவதற்காக 1994இல் உலகளாவிய வலைக் கூட்டமைப்பைத் தோற்றுவித்தார். அக்கூட்டமைப்பு 1997இல் அணுகுதன்மைக்கெனத் தனி முனைப்பைத் தொடங்கியது. 1999 மே 5ஆம் நாள் அதன் முதல் நெறிமுறைகள் வெளியாயின. 14 நெறிகளும் அவற்றின் கீழ் 65 சோதனைக் கூறுகளும் அவற்றில் இருந்தன. ‘படம் ஒவ்வொன்றுக்கும் அதன் பொருளைக் கூறும் மாற்றுரை வேண்டும்’ என்பது அவற்றுள் தலையாயது. ஏனெனில், பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைபடிப்பான் என்னும் மென்பொருள், திரையில் உள்ள எழுத்தைக் குரலாகவோ பிரெயிலாகவோ மாற்றித் தருமே தவிர, மாற்றுரை இல்லாத படத்தின் பொருளை அக்காலத்தில் அதனால் சொல்ல இயலாது.

நெறிமுறைகள் வருமுன்னரே சோதனைக் கருவி வந்துவிட்டது. அமெரிக்காவின் மாசசூசெட்சு மாநிலத்தைச் சேர்ந்த ‘காசுட்டு’ என்னும் கல்வி ஆய்வு அமைப்பு 1996இல் ‘பாபி’ என்னும் கருவியை வெளியிட்டது. பாபி என்பது பிரித்தானியக் காவலரை மக்கள் அழைக்கும் செல்லப்பெயர். இணையப் பக்கத்தின் முகவரியைக் கொடுத்தால் போதும். குறைகள் உள்ள இடங்களை அக்கருவி சுட்டிக்காட்டும். தேறிய பக்கங்கள் ‘பாபி ஒப்புதல் பெற்றது’ என்னும் சின்னத்தை அணிந்துகொள்ளலாம்.

இதனால் விளைந்த நன்மை பெரிது. அணுகுதன்மை என்றால் என்ன என்பதையே அறியாதிருந்த பல்லாயிரவர்க்கு அக்கருவி ஆசானாயிற்று. ஆனால், அச்சின்னத்தோடு ஒரு மயக்கமும் பரவியது. படத்திற்கு மாற்றுரை இருக்கிறதா என்பதைக் கருவி கண்டறியும். அம்மாற்றுரை சரியா என்பதை அது அறியாது. திருவள்ளுவர் படத்திற்கு ‘படம் 1’ என்று மாற்றுரை எழுதியிருந்தாலும் கருவி தலையசைத்துவிடும். வருகைப் பதிவேட்டில் பெயர் இருப்பதால் மாணவர்க்குப் பாடம் விளங்கிவிட்டது என்று சொல்வதைப் போன்றது இது.

சிட்னி: ஒரு மனிதர் தொடுத்த வழக்கு

கருவி சொல்வதை விடுத்து, ஒரு பயனர் சொல்வதை அரசு ஆணையம் ஒன்று கேட்ட நிகழ்ச்சி ஆசுத்திரேலியாவில் நடந்தது. புரூசு மகுவயர் பார்வையற்றவர். கணினியின் எழுத்தை அவ்வப்போது புள்ளிகளாக எழுப்பிக் காட்டும் பிரெயில் கருவியைக் கொண்டு இணையத்தைப் படிப்பவர். 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கு ஏற்பாட்டுக் குழுவின் இணையத்தளத்தைத் தம்மால் படிக்க இயலவில்லை என்று 1999 சூன் திங்களில் மனித உரிமை, சமவாய்ப்பு ஆணையத்தில் முறையிட்டார். 1992ஆம் ஆண்டின் உடற்குறை வேறுபாட்டு எதிர்ப்புச் சட்டமே அவர்க்கு அடிப்படை.

அவர் கேட்டவை மூன்று. படங்களுக்கு மாற்றுரை வேண்டும். நிகழ்ச்சி நிரல் பக்கத்திலிருந்து விளையாட்டுகளின் பட்டியலுக்குச் செல்ல வழி வேண்டும். போட்டி முடிவுகளின் அட்டவணைகள் படிக்கத்தக்கனவாய் இருக்கவேண்டும். இவற்றைச் செய்ய ஒருவர் 368 நாள் உழைக்க வேண்டியிருக்கும் என்றும், 21 இலட்சத்து 90 ஆயிரம் ஆசுத்திரேலிய வெள்ளிவரை செலவாகும் என்றும் ஏற்பாட்டுக் குழு வாதிட்டது. வல்லுநர்கள் சான்றளித்தபோது, தேவைப்படும் காலமும் செலவும் அதனினும் மிகக் குறைவு என்பது வெளிப்பட்டது.

2000 ஆகத்து 24ஆம் நாள் ஆணையம் மகுவயர் பக்கம் தீர்ப்பளித்தது. விளையாட்டு தொடங்கும் செப்டம்பர் 15ஆம் நாளுக்குள் குறைகளைக் களையுமாறு பணித்தது. குழு அதனை முழுமையாக நிறைவேற்றவில்லை. ஆகவே, அவ்வாண்டு நவம்பரில் மகுவயர்க்கு 20,000 ஆசுத்திரேலிய வெள்ளி இழப்பீடு வழங்க உத்தரவாயிற்று.

தொகை சிறிது, ஆனால் தீர்ப்பு பெரிது. ஓர் இணையத்தளம் படிக்கத்தக்கதா என்பதை அதனைச் செய்தவர் சொல்வதன்று, படிக்க முயன்றவர் சொல்வதே சான்று என்று அது நிலைநாட்டியது. இதற்குப் பின்னர்ப் பல நாடுகளில் வழக்குகள் எழுந்தன. அமெரிக்காவில் டார்கெட்டு என்னும் பேரங்காடி நிறுவனத்தின்மீது 2006இல் பார்வையற்றோர் கூட்டமைப்பு தொடுத்த வழக்கு, 2008இல் 60 இலட்சம் அமெரிக்க வெள்ளி உடன்பாட்டில் முடிந்தது.

இலண்டன் ஆய்வு காட்டிய இடைவெளி

கருவியின் சோதனைக்கும் மனிதரின் சோதனைக்கும் உள்ள இடைவெளி எவ்வளவு? இதனை எண்ணிக் காட்டியது 2004 ஏப்பிரலில் பிரித்தானிய உடற்குறையுடையோர் உரிமை ஆணையம் வெளியிட்ட ஆய்வு. இலண்டன் சிட்டி பல்கலைக்கழகத்தார் அதனை நடத்தினர். முதலில், 1,000 இணையத்தளங்களின் முகப்புப் பக்கங்களைக் கருவிகொண்டு சோதித்தனர். 81 விழுக்காட்டுப் பக்கங்கள் மிக அடிப்படையான நிலையைக்கூட எட்டவில்லை.

அடுத்து, வெவ்வேறு உடற்குறையுடைய 50 பேரைக் கொண்டு 100 இணையத்தளங்களைப் பயன்படுத்திப் பார்க்கச் செய்தனர். அவர்கள் எதிர்கொண்ட இடர்களுள் 45 விழுக்காடு, நெறிமுறைகளின் எந்தச் சோதனைக் கூற்றிலும் அடங்காதவை என்று ஆய்வு கூறியது. வலைக் கூட்டமைப்பு அக்கணக்கை ஏற்கவில்லை; உலாவிகளுக்கென வகுத்த தன் பிற நெறிமுறைகளையும் சேர்த்துப் பார்க்கவேண்டும் என்றது. கணக்கில் கருத்து வேறுபாடு இருக்கலாம். ஆயினும், பட்டியலில் உள்ள எல்லாவற்றுக்கும் சரிக்குறி போட்ட பின்னரும் ஒருவர் பக்கத்தின் நடுவே வழி தெரியாமல் நிற்கக்கூடும் என்பதை அவ்வாய்வுக்குப் பின் யாரும் மறுக்கவில்லை.

2008 திசம்பர் 11ஆம் நாள் வெளிவந்த இரண்டாம் பதிப்பு நெறிமுறைகள் நான்கு கொள்கைகளில் நிறுத்தப்பட்டன. உள்ளடக்கம் புலன்களுக்கு எட்டவேண்டும், இயக்கத்தக்கதாய் இருக்கவேண்டும், விளங்கவேண்டும், பல்வகைக் கருவிகளுக்கும் தாக்குப்பிடிக்கவேண்டும். 2018இலும் 2023இலும் அவை மேலும் விரிவாக்கப்பட்டன.

தமிழுக்கென்றே அமைந்த தடை

இதுவரை கண்டது உலகுக்குப் பொதுவான வரலாறு. தமிழ் இணையத்தளங்களுக்கு இவற்றோடு மற்றொரு தடையும் இருந்தது. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட அன்றைய கருவிகள் அதனைக் காணவே இல்லை.

தமிழ் இணையத்தின் தொடக்கத்தில் நம் வட்டாரத்தவர் பங்கு பெருமைக்குரியது. மலேசியாவின் முத்து நெடுமாறன் 1980களின் நடுவிலேயே முரசு அஞ்சல் மென்பொருளைத் தந்தார். சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமி 1995இல் தமிழை இணையத்தில் ஏற்றினார். அக்காலக் கணினிகளில் தமிழுக்கெனத் தனி இடம் வழக்கத்திற்கு வராததால், ஒவ்வொரு மென்பொருளாரும் தத்தம் எழுத்துருவுக்கேற்பக் குறியேற்றம் வகுத்துக்கொண்டனர். அன்று வேறு வழியில்லை.

ஆனால், அதன் விளைவைப் பாருங்கள். இலங்கைத் தமிழரிடையே பெரிதும் பரவிய பாமினி எழுத்துருவில் ‘அம்மா’ என்று எழுதினால், கணினியின் நினைவில் பதிவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஆங்கில எழுத்துகளும் குறியுமே. அவற்றின்மேல் தமிழ் உருவங்களைப் போர்த்திக் காட்டுவது மட்டுமே எழுத்துருவின் வேலை. கண்ணுக்கு அது அம்மா. திரைபடிப்பானுக்கு உருவம் தெரியாது. நினைவில் உள்ளதையே அது படிக்கும். ஆக, பார்வையற்ற ஒரு தமிழர் காதில் விழுவது ‘எம் கே கே எச்’ என்னும் பொருளற்ற ஒலி. ‘தமிழ்’ என்னும் சொல்லோ ‘ஜே கே பி ஓ’ ஆகிவிடும். பக்கம் முழுதும் இவ்வாறே.

இன்னொரு நுட்பமும் உண்டு. பழைய குறியேற்றங்கள் பலவற்றில் ‘கொ’ என்னும் எழுத்து, கண்ணுக்குத் தோன்றும் வரிசையில், முதலில் கொம்பு, பின்னர்க் ககரம், அதன்பின் கால் எனப் பதிவாயிற்று. உயிர்மெய்யில் மெய்யொலி முன்னும் உயிரொலி பின்னும் வரும் என்பது நாம் வகுப்பில் கற்பிக்கும் இலக்கணம். ஒருங்குறி அந்த ஒலி வரிசையையே பின்பற்றுகிறது. ககரம் முதலிலும் ஒகரக் குறி அடுத்தும் பதிவாகும். பார்க்கும் தமிழிலிருந்து ஒலிக்கும் தமிழுக்கு மாறியதே ஒருங்குறியின் சிறப்பு எனலாம்.

ஒருங்குறியில் தமிழுக்கு 1991 முதலே இடமிருந்தது. ஆனால், 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாடு தாம், தாப் என்னும் 8 துணுக்குக் குறியேற்றங்களையே பரிந்துரைத்தது. விண்டோசு 2000 வெளியான பின்னரே ஒருங்குறித் தமிழ் மெல்லப் பரவியது. தமிழ்நாட்டரசு ஒருங்குறியை முறைப்படி ஏற்றது 2010ஆம் ஆண்டில். அதற்கிடைப்பட்ட காலத்தில் எழுதப்பட்ட தமிழ்ப் பக்கங்களுள் எத்தனையோ பார்வையற்றோர்க்கு வெற்றொலியாகவே இருந்தன.

இதில் கருதத்தக்கது யாதெனில், அத்தகைய பாமினிப் பக்கம் ஒன்றில் படங்களுக்கு மாற்றுரையும் அட்டவணைகளுக்குத் தலைப்பும் இருந்தால், பாபி போன்ற கருவி அதில் குறை காண வழியில்லை. தேர்ச்சிச் சின்னமும் கிடைத்துவிடும். ஒரு சொல்கூடப் படிக்க இயலாத பக்கத்திற்கு ‘அனைவர்க்கும் ஏற்றது’ என்னும் முத்திரை! பார்வையற்ற ஒரு தமிழர் ஒரே ஒரு நிமிடம் படித்துப் பார்த்திருந்தால் உண்மை வெளிப்பட்டிருக்கும்.

நம் நாட்டில்

மலேசியாவில் அரசு இணையத்தளங்களை மதிப்பிட்டு நட்சத்திரத் தரம் வழங்கும் பணி 2005இல் தொடங்கியது. 2008 சூலை 7ஆம் நாள் உடற்பேறு குறைந்தோர் சட்டம் (சட்டம் 685) நடப்புக்கு வந்தது. அதன் 30ஆம் பிரிவு, தகவல், தொடர்பு, தொழில்நுட்பம் ஆகியவற்றை மற்றவர்க்கு இணையாகப் பெறும் உரிமையை அவர்கட்கு வழங்குகிறது. உடற்குறையுடையோர் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையை நம் நாடு 2010 சூலை 19ஆம் நாள் ஏற்புறுதி செய்தது. எனினும், இயற்றப்பட்ட வடிவில் அச்சட்டத்தில் மீறுவோர்க்குத் தண்டனை கூறும் பிரிவு இல்லை. சிட்னி மகுவயரைப் போல ஒருவர் நடுவத்தை நாடி இழப்பீடு பெறுவது இங்கு எளிதன்று.

நம் அரசுத் தளங்கள் பலவற்றில் எழுத்தைப் பெரிதாக்கவும் நிறத்தை மாற்றவும் பொத்தான்கள் உண்டு. பார்வை மங்கியவர்க்கு அவை உதவும். ஆனால், திரைபடிப்பான்கொண்டு படிப்பவர்க்கு நிறம் எதுவானால் என்ன?

கல்வி அமைச்சு சிறப்புத் தேவையுடைய எந்தக் குழந்தையையும் பள்ளி மறுக்கலாகாது என்னும் கொள்கையை 2019இல் செயற்படுத்தியது. அடுத்த ஆண்டே, 2020 மார்ச்சு 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. வகுப்பறை திரைக்குள் புகுந்தது. பயிற்சித் தாள்களைக் கைப்பேசியில் படமெடுத்து அனுப்பும் வழக்கம் நாடெங்கும் பரவி, இன்றும் தொடர்கிறது. வாசலில் மறுக்கப்படாத குழந்தை, பொருளறிய இயலாத ஒரு படத்தின் முன் நிறுத்தப்படுகிறது. இதுவும் மறுப்பே அன்றோ?

நாமே செய்யத்தக்க சோதனைகள்

முன்பு திரைபடிப்பான்கள் விலை மிகுந்தவை. ஆசுத்திரேலியாவின் மைக்கேல் கரன் என்னும் பார்வையற்ற இளைஞர் 2006இல் எழுதத் தொடங்கிய என்விடிஏ, இன்று எவரும் இலவசமாகப் பெறக்கூடியது. அதனோடு வரும் ஈசுபீக்கு குரலமைப்பு தமிழையும் படிக்கும். ஆகவே, பள்ளிப் பக்கத்தையோ பாடக் கோப்பையோ வெளியிடுமுன் நாம் இவற்றைச் செய்து பார்க்கலாம்:

1. தமிழ்ச்சொல் ஒன்றைப் படியெடுத்து, வெறும் எழுத்துக்கோப்பில் ஒட்டுக. அங்கும் அது தமிழாகவே தெரிந்தால் ஒருங்குறி. ஆங்கில எழுத்துகளாக மாறினால் அப்பக்கம் குரலில் ஒலிக்காது.

2. சுட்டெலியை ஒதுக்கிவைத்து, விசைப்பலகையின் தத்தல் விசையால் மட்டும் எல்லா இணைப்புகளுக்கும் சென்று பார்க்க.

3. பக்கத்தின் மொழி ‘தமிழ்’ என்று நிரலில் குறிக்கப்பட்டுள்ளதா எனக் காண்க. ஆங்கிலம் என்றிருந்தால், பல ஆங்கிலக் குரல்கள் தமிழ் எழுத்துகளை ஒன்றும் சொல்லாமல் தாண்டிவிடும்.

4. எழுத்தை இருமடங்கு பெரிதாக்குக. வரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுகின்றனவா?

5. ஒலியை நிறுத்திக் காணொளியைப் பார்க்க. கீழே எழுத்துரை இல்லையேல், செவித்திறன் குன்றியவர்க்கு அது ஊமைப்படம்.

6. கண்ணை மூடிக்கொண்டு, திரைபடிப்பானின் குரலை மட்டும் கேட்டு, இன்றைய அறிவிப்பு யாது என்று கண்டறிய முயல்க. அறிவிப்பு படமாக மட்டும் இருந்தால், அதே செய்தியை எழுத்திலும் கீழே தருக.

இவை ஆறும் தொடக்கமே. கண்ணை மூடிக்கொள்ளும் நாம், நினைத்தபோது கண்ணைத் திறந்துகொள்ளக்கூடியவர்கள். ஏழாவது சோதனையே முடிவானது: உடற்பேறு குறைந்த ஒருவரை அழைத்து, “இதனைப் படித்துப் பாருங்கள், எங்கே தடைப்படுகிறது?” என்று கேட்டு, அவர் சொல்வதைத் திருத்துதல்.

கருவிகள் வேண்டா என்பதன்று நம் கருத்து. அமெரிக்காவின் வெப்எய்ம் அமைப்பு 2019இல் பத்து இலட்சம் முகப்புப் பக்கங்களைக் கருவியால் ஆராய்ந்தபோது 97.8 விழுக்காட்டில் குறைகள் இருந்தன. 2025இல் அது 94.8 விழுக்காடு. பின்னணி நிறத்தோடு எழுத்து கலந்து மங்கித் தோன்றுவதே மிகுதியாகக் காணப்பட்ட குறை. கருவியே கண்டுபிடிக்கும் எளிய குறைகள்கூட இத்துணை ஆண்டுகளாகக் களையப்படவில்லை. கருவியின் சோதனையில் தேறுவது முதற்படி. அதிலேயே நின்றுவிடுவதுதான் தவறு.

தமிழை அடுத்த தலைமுறைக்குக் கொண்டுசேர்ப்போம் என்று மேடைதோறும் முழங்குகிறோம். அத்தலைமுறையில் விரலால் படிக்கும் குழந்தையும் உண்டு. செவியால் படிக்கும் குழந்தையும் உண்டு. அவர்கட்கும் ‘அம்மா’ என்னும் சொல் அம்மா என்றே ஒலிக்கவேண்டும். அடுத்த முறை ஓர் அறிவிப்பை வெளியிடுமுன், அன்பர்களே, ஒரு வினாவைக் கேட்டுக்கொள்வோம்: இதனைப் படித்துப் பார்த்தவர் யார்?